கடையில் பாடிய ரேடியோ

எறும்பு புகுந்து ஊமையாகிப்போன எங்கள் ரேடியோவை, எங்கள் தீவில் சாத்தம் பாலத்தருகே கடை வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன். சுருட்டை முடிக்காரர். எதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார், பிறகுதான் பதில்.

"பூரா கராப் சார், மொத்தமும் கெட்டுப்போச்சு. வால்வு மெயின்லேண்ட்லேருந்து கப்பல்ல வரணும். முப்பது ரூபா ஆகும்."

அது எங்கள் மளிகைப் பணம். கப்பல் வந்தும் ரேடியோ வரவில்லை. போய்ப் பார்த்தால், கடை நிறையக் கூட்டம். நடுவில் என் ரேடியோ கணீரென்று பாடிக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சு போல?"

சிரித்தார். "டெஸ்டிங் சார். இன்னும் ரெண்டு நாள் பாடட்டும்."

பணத்தைக் கொடுத்து அப்போதே தூக்கி வந்தேன். வீட்டில் அதே ஸ்டேஷனை வைத்தேன். மனைவி சற்று நேரம் கேட்டாள்.

"அவர் கடையில இன்னும் நல்லாப் பாடுச்சுங்க."

அவள் அங்கே எப்போது போனாள் என்று யோசித்தபடி ஒலியைக் கூட்டினேன். அந்த மனிதரை நினைத்தால், இன்றும் முதலில் அந்தச் சிரிப்புதான் கண்முன் வருகிறது.