பிரசாதத்துக்குச் சர்க்கரை ஏறாது

என் இடது கால் கட்டைவிரலில் ஒரு புண். முள் குத்திய அளவுதான், ஆனால் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சோறு, இட்லி, தோசை எல்லாத்தையும் நிறுத்துங்க. மூணு மாசத்துல சர்க்கரை எறங்கலன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். நகம் வெட்டச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

என் மனைவி அன்றைக்கே அரிசி டிரம்மை மூடி, அதன் மேல் பழைய பேப்பர் கட்டைத் தூக்கி வைத்தாள். காலிஃபிளவரைத் துருவி வேகவைத்து அதுதான் சோறு என்றாள். மற்றபடி முட்டை, கீரை, சுரைக்காய், கொஞ்சம் வேர்க்கடலை. "உங்க எதிர்ல நான் மட்டும் சோறு தின்னா எனக்கு எறங்குமா?" என்று அவளும் அதையே சாப்பிட்டாள். அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் காலிஃபிளவரில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, பெரிய தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விழுங்குவேன்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டு, செருப்போடு கொஞ்சம் நடக்கவும் டாக்டர் சொல்லியிருந்தார். வேங்கிக்காலில் ஆபீஸ் விட்டதும் நேராகக் கிரிவலப் பாதைக்குப் போய்விடுவேன். அந்தப் பாதையில் நடந்தவன் பட்டினியாகத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. யாருக்காவது பிறந்தநாள், யாருக்காவது வேண்டுதல் என்று அண்டாவோடு நிற்பார்கள். அடி அண்ணாமலை தாண்டி ஒருவர் தினமும் வேனில் புளியோதரை கொண்டுவந்து கொடுப்பார். அன்னதானத்தை வேண்டாம் என்பது பாவம். தவிர, பிரசாதத்தில் மாவுச்சத்து உண்டு என்று எந்தப் புராணத்திலும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. செருப்பு விஷயத்தில் டாக்டர் பேச்சைக் கேட்டேன், சோற்று விஷயத்தில் சாமிக்குக் கட்டுப்பட்டேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தால், சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம், "வீட்ல என்னம்மா குடுக்கறீங்க?" என்று கேட்டார். விரலுக்கு இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில், "வேர்க்கடலைதான் ஜாஸ்தி ஆயிடுச்சு போல. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் "பரவால்ல விடு" என்று அவளை மன்னித்தேன்.

மறுநாள் மாலை, விரலுக்காக மலையை வேண்டிக்கொள்ள வேண்டுமென்று அவளும் நடக்க வந்தாள். தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வேன்காரர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சார்! நேத்து ஏன் வரல? உங்களுக்கு எப்பவும் போல ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்."

இரண்டு தொன்னைகளை நீட்டினார். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை. இரண்டையும் அவளே வாங்கிக்கொண்டு பாதை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதமாக எங்கள் வீட்டில் பத்தியம் இருந்தது இவள் ஒருத்திதான்.

காலித் தொன்னையோடு எழுந்து வேனிடம் போனாள்.

"இன்னும் ஒண்ணு குடுங்கண்ணா. சோறு சாப்ட்டு மூணு மாசமாச்சு."

வேன்காரர் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கட்டிய பெண்டாட்டிக்குச் சோறு போடாதவனைப் பார்க்கும் பார்வை. தப்பாக ஒன்றும் பார்க்கவில்லை.