துளைக்கிற இயந்திரத்தை மறித்த நாள்

நான் புலம்பெயர்ந்து வந்த ஷ்லீரன் ஊரில் இப்போது புது மாடிவீடு நிற்கிற இடத்தில், அன்று காலை மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று நிலத்தைத் துளைத்துக்கொண்டு நின்றது. அந்த வழியால் போகும்போதெல்லாம் எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

அப்போது நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் கழுவியவர் துனிசியப் பாலைவனத்துச் சோலை ஒன்றிலிருந்து வந்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அவரும் என்னை அண்ணை என்பார். எங்கள் இருவரின் ஜெர்மன் மொழியையும் சேர்த்தாலும் ஒரு கோப்பை நிரம்பாது என்பதால் நான் திருத்தவில்லை.

அவருடைய தகப்பன் காலத்தில் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் மோட்டர் இல்லாமலே ஆள் உயரத்துக்குப் பீறிடுமாம். பிறகு வீட்டுக்கு வீடு ஆழத் துளைத்தார்கள். ஒவ்வொரு புதுத் துளைக்கும் பழைய கிணறுகளின் வேகம் குறைந்தது. கடைசித் துளை இவருடையது. அந்த வருடமே தமக்கையின் கிணறு வற்றி, பேரீச்சை மரங்கள் காய்ந்தன. அன்றிலிருந்து தமக்கை இவரோடு கதைப்பதில்லை. கைபேசியில் இவர் பேசி அனுப்புவதைக் கேட்பாராம். பதில் மட்டும் வராது.

அதனால் அன்று வேலைக்குப் போகும் வழியில் இயந்திரத்தைக் கண்டதும் அண்ணை பஸ்ஸை விட்டுவிட்டு ஓடினார். ஊர்ச் சதுக்கத்து நீரூற்றுத் தொட்டியில் இரவு பகலாக விழும் நீர் இனி நின்றுவிடும் என்றார். நானும் நம்பினேன். யாழ்ப்பாணத்தில் பக்கத்து வளவில் மோட்டர் போட்டால் எங்கள் கிணற்றில் உப்பு ஏறும். கடையில் பாண் கேட்கவே கூச்சப்படுகிற நான், அன்று அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று மறித்தேன்.

இயந்திரக்காரர் காதடைப்பைக் கழற்றினார். தண்ணீர் எடுக்கவில்லை, குழாய் இறக்கி நிலத்தின் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கப் போகிறோம் என்று கையாலும் காலாலும் விளக்கினார்.

"சூட்டையோ?" என்று அண்ணை என்னைப் பார்த்தார். "அது எங்கட ஊரில சும்மா கிடக்குது. வந்து அள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கோ, அண்ணை."

பிந்திப் போனதற்குத் தலைமைச் சமையற்காரரிடம் ஏச்சு வாங்கினோம். மதியம் அண்ணை நடந்ததை எல்லாம் தமக்கைக்குப் பேசி அனுப்பினார். வேலை முடிகிற நேரம் கைபேசி சிணுங்கியது. ஒரு பெண்குரல் மூச்சுவிடாமல் அரபியில் பொரிந்து தள்ளியது. அண்ணை ஈரக்கையால் கண்ணைத் துடைத்தார்.

"என்னவாம், அண்ணை?"

"நான் விசரனாம், அண்ணை. என்ர துளைக்கு முன்னால நிண்டிருக்க வேண்டியவன், ஊர் மாறிப் போய் நிக்கிறனாம். நல்லா ஏசிப்போட்டா!"

மிச்சக் கோப்பைகளை நான்தான் கழுவி முடித்தேன். அவர் அதை ஐந்தாம் தரமும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.