ரிக் வண்டிகளுக்கு ஒரு சாஃப்ட்வேர்

மாமியார் வீட்டில் என் சகலைக்குக் காபி டவராவோடு வரும். எனக்கு டம்ளர் மட்டும் வரும். இதையெல்லாம் கவனிக்கிறவன் நான். அவர் இன்ஜினியரிங் படித்த சின்ன மருமகன். நானோ பி.யு.சி.யோடு நின்றுவிட்டு, கல்யாணம் ஆனதிலிருந்து மாமனாரின் போர்வெல் ரிக் வண்டிகளோடு ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும் வெயிலில் காய்ந்தவன்.

எண்பதுகளின் கடைசியில் மாமனாருக்கு வண்டிகள் பெருகிவிட்டன. ஓரிடத்தில் குடிநீர்த் திட்டம், ஓரிடத்தில் மில், இன்னோரிடத்தில் விவசாயிகளின் தோட்டம் என்று ஒரே சமயத்தில் பல வேலைகள் நடந்தன. எந்த வண்டி எப்போது முடித்து எங்கே போக வேண்டும் என்பதைத் திருச்செங்கோடு ஆபீஸில் ஒரு கரும்பலகையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை ஒரே வேலைக்கு இரண்டு வண்டிகள் போய் நின்றன. அதோடு மாமனார் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். இத்தனை வேலைகளையும் சேர்த்துப் பார்க்க ஒரு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மருமகன்கள் இருவரிடமும் விட்டார்.

“ஆளுக்கொண்ணு பாத்துச் சொல்லுங்க மாப்ள. இனி ஒருத்தரு ஆபீஸ்ல ஒக்காரோணும், ஒருத்தரு வண்டியோட போவோணும்” என்றார்.

எனக்கு அந்த ஆபீஸ் நாற்காலி வேண்டும். என் மகள் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தாள். சேர்ந்தாற்போல் ஒரு மாதம்கூட நான் அவளோடு இருந்ததில்லை. சகலையோ உள்ளூர் வேலைகளைப் பார்த்துக்கொண்டு, தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருவார்.

அவர் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த சாஃப்ட்வேர் பார்க்க அழகு. ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு பட்டை நீளும். ஒன்று தாமதமானால் அடுத்தவை தாமாகவே நகர்ந்துகொள்ளும். மாமியார்கூட வந்து நின்று பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நான் தேடிப்பிடித்ததில் வெறும் எழுத்துகள்தான். ஆனால் ஒவ்வொரு வண்டியின் ஆட்களுக்கும் லீவு நாள் குறிக்கத் தனித்தனிக் காலண்டர் வைக்கலாம். அவருடையதில் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

ரிக் ஆட்கள் ஊர் ஊராகச் சேர்ந்துதான் வேலைக்கு வருவார்கள். ஜேடர்பாளையத்து ஆட்கள் ஏறிய வண்டி என்றால், அந்த ஊர் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்குக் காப்புக் கட்டுவதற்குள் அத்தனை பேரும் வீடு வந்து சேர வேண்டும். காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை ஒருவரும் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். சகலையின் திரையில் அந்த நாட்களில் அவர்கள் அனந்தபூரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நோம்பி நாள்ல வண்டியில யாருங்க மாப்ள இருப்பாங்க? காக்காயா?”

சகலையின் முகம் தொங்கிப்போயிற்று. மறைப்பானேன், எனக்குப் பாயசம் குடித்தாற்போல் இருந்தது.

“பெரிய மாப்ள கொண்டாந்ததையே வாங்கிரலாம்” என்றார் மாமனார். நான் நாற்காலியைப் பார்த்தேன். அவர் பேசி முடிக்கவில்லை. “சின்ன மாப்ள அதைப் பழகிட்டு ஆபீஸைப் பாத்துக்கட்டும். ஆளுங்க ஊரு, நோம்பியெல்லாம் உங்களுக்குத்தான தெரியுது. வண்டியோட நிக்கறதுக்கு உங்கள உட்டா யாரு இருக்கறாங்க?”

மாமனார் பாராட்டும்போது மறுத்துப் பேச எந்த மருமகனுக்கு வாய் வரும்? அந்த வாரமே லாரி ஏறினேன்.

அந்த வருடம் எங்கள் ஊர் நோம்பி வந்தது. எங்கள் ஊர் ஆட்கள் காலண்டர்படி சரியாகக் கிளம்பிப் போனார்கள். என்னை மட்டும் கர்னூலில் நின்ற அடுத்த வண்டிக்குப் போகச் சொல்லி சகலை போன் செய்தார். எனக்கு லீவு இல்லையா என்று கேட்டேன்.

“பாத்தனுங்கண்ணா. நீங்க எந்த வண்டி ஆளுங்களோடயும் சேரல, அதனால உங்களுக்கு லீவே காட்டலீங்க. கவலப்படாதீங்க, அக்காளையும் பாப்பாவையும் நானே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்.”

அவர் குரலில் துளியும் சூது இல்லை. சொன்னபடியே கூட்டிப்போனார். என் மகள் அவர் தோளில் உட்கார்ந்து சிரிக்கும் போட்டோவை என் மனைவி சாப்பிடும் அறையில் மாட்டியிருக்கிறாள். இன்றைக்கும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் சாப்பிட உட்காருகிறேன்.