நம்ம மண் என்று சொன்னவர்

ஃபிஜித் தீவில் லம்பாசா என்ற ஊரில், மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் எனக்கு வேலை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் நான்தான் ஒயர் இழுப்பேன். காலையில் ஒருவர், மாலையில் அவரை எதிர்ப்பவர். இரண்டு பேரும் அதே பாலத்தைக் கட்டித் தருவதாகச் சொல்வார்கள். ராணுவம் துப்பாக்கியோடு வந்து ஆட்சியைப் பிடித்தால் இந்தியர்களான நம் ஓட்டு செல்லாது என்பதைச் சின்ன வயதிலேயே ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. அதனால் ஆக்லாந்திலிருந்த அண்ணன் அம்மாவையும் என்னையும் அங்கேயே வந்துவிடும்படி கூப்பிட்டபோது, நாளைக்கே கிளம்பலாமா என்றுதான் கேட்டேன்.

அந்த வருஷத் தேர்தலில் நின்ற ஒரு வேட்பாளர் பூர்வகுடி ஃபிஜியர், ஓய்வு பெற்ற வாத்தியார். பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். பெஞ்சுகளில் கரும்பு பயிரிடும் நம் இந்தியர்கள், பக்கத்தில் பாய் விரித்து அவருடைய ஃபிஜிய ஆட்கள். எங்களிடம் இந்தியில் பேசினார். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே சத்தத்தைக் கூட்டிக் குறைத்தேன்.

பிறகு பாய்ப் பக்கம் திரும்பி ஃபிஜிய மொழியில் தொடங்கினார். இனிமேல்தான் உண்மையான பேச்சு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். இந்தியில் 'ஹம் லோக்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்; நாம், நாங்கள் இரண்டுக்கும் அதே சொல்தான். அதில் யார் உண்டு, யார் இல்லை என்று தெரியாது. ஃபிஜிய மொழியில் அந்த வித்தை நடக்காது. தமிழைப் போலவே அங்கேயும் 'நம்ம' வேறு, 'எங்க' வேறு. எங்கள் என்பதற்கு 'நெய்மாமி' என்பார்கள். சின்ன வயதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நெய்மாமி வனுவா என்றால் எங்கள் மண், அதில் உங்களுக்குப் பங்கில்லை என்று பொருள். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவர் "நொந்தா வனுவா" என்றார். நம்ம மண். எங்கள் பெஞ்சுகளைக் கையால் காட்டி, தன் ஆட்களிடம் சொன்னார்.

வாய் தவறிவிட்டது என்று நினைத்து பாயிலிருந்த ஒரு பெரியவர், "நெய்மாமி" என்று திருத்தினார். வேட்பாளர் குரலை உயர்த்தவில்லை. மறுபடி "நொந்தா" என்றார். பெரியவர் எழுந்து போனார். அவர் பின்னாலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள். காலியான பாயைப் பார்த்தபடியே இவர் பேசி முடித்தார். போன ஓட்டு திரும்பாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? நான் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன், மைக் வீலென்று கத்தியது.

அன்றே அண்ணனுக்குப் போன் செய்து நான் வரவில்லை என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எப்படியோ அவர் ஜெயித்தார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டிருந்தேன்.

அடுத்த வருஷம் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்தார்கள் என்று ரேடியோ சொன்னது. உறுப்பினர்களைப் பிடித்து வைத்திருந்தார்கள், அவரையும் சேர்த்து. நான் கையிலிருந்த ஒயரைப் போட்டுவிட்டு ரேடியோ பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் இப்படி நடந்தால், பார்த்தீர்களா என்று நக்கலடிப்பேன். இப்போது அவர் பெயர் மறுபடி வருமா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் அந்த ஆளை முழுசாக நம்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அம்மா அதற்குமேல் காத்திருக்கவில்லை. நாடி விமான நிலையத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இப்பவாவது வா என்றாள். அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், நான் எப்படிப் போவது என்றேன்.

"அவனுக்கு நீ யாருன்னே தெரியாது பேட்டா" என்றாள்.

"தெரியாதும்மா."

சட்டையை விட்டாள். பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். லம்பாசா கடைத்தெருவுக்குக்கூட அவள் தனியாகப் போனதில்லை.