ராயப்பன்பட்டிக்கு ஈஸ்ட் தேடிப் போன கதை

போன மாதம், 2008 ஜூலைக் கடைசியில், கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தேன். சுருளி அருவியைப் பற்றிய குறிப்பை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும், அந்தப் பக்கமே போகவில்லை. திராட்சைத் தோலில் வாழும் ஈஸ்ட்டைச் சேகரிக்கப் போனேன்.

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பார்க்கின்சன் நோயை ஈஸ்ட்டில் வைத்துப் படிக்கிறோம். ரொட்டியை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். நோயாளியின் மூளைச் செல்லுக்குள் ஒரு புரதம் திரண்டு கட்டியாகிறது. அதே புரதத்தை ஈஸ்ட்டும் உண்டாக்கும்படி செய்தால், அதற்குள்ளும் கட்டி சேரும், அது வளர முடியாமல் திணறும். அந்தத் திணறலைக் குறைப்பது எது என்று தேடுகிறோம். காட்டு ஈஸ்ட்டில் சில வகைகள் இதைத் தாங்கக்கூடும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

ராயப்பன்பட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தெரஸ். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. அவள் கணவர் அருளப்பனுக்கு நான்கு வருடமாகப் பார்க்கின்சன். திராட்சை விவசாயி.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து. தேனிக்கு 76 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து கம்பம் வண்டியில் உத்தமபாளையம், பிறகு டவுன் பஸ். சின்னமனூர் தாண்டியதும் ஆடிக் காற்று ஜன்னலில் அறைந்தது. ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.

"என்னக்கா, பெட்டில மீனா?" என்றார் டவுன் பஸ் நடத்துநர்.

"வெறும் குழாய்தான். திராட்சைத் தோலைத் துடைத்து எடுக்கணும்."

"பழத்த விட்டுட்டுத் தோலுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போடவில்லை.

அருளப்பன் எனக்காக வேலியோரக் கொடி ஒன்றுக்கு மருந்தடிக்காமல் விட்டிருந்தார். பூச்சிமருந்தும் மயில்துத்தமும் பட்ட தோலில் ஈஸ்ட் தங்குவது சிரமம். பந்தலுக்கடியில் குனிந்து பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு குலையாகத் துடைத்துக் குழாயில் போட்டேன். அவர் கல்தூணைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மற்றொரு கை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, அந்த ஈஸ்ட்டுக்கும் கை நடுங்குமா?"

"கையே கிடையாது அண்ணே. மூளையும் கிடையாது."

"அப்ப உங்க சொந்தந்தான்" என்றாள் தெரஸ் அவரிடம். அவர் சிரித்தார். முகத்தசை இறுகிப்போனதால் சிரிப்பு மெதுவாகத்தான் வருகிறது.

பந்தலின் மறுபாதி காலியாக இருந்தது. கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கிவிட்டுக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். நிழலில் வேர்விட்ட திராட்சைக் குச்சிகள், பக்கத்திலேயே தென்னங்கன்றுகள்.

"ரெண்டுல எது?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான்டி நீ வரட்டும்னு அவுக காத்துக்கிருக்காக" என்றாள் தெரஸ்.

திராட்சைக்கு விரல் வேண்டும். கொடியைக் கட்டவும், கவாத்து வெட்டவும், குலையில் பிஞ்சு கழிக்கவும். தென்னைக்கு அது வேண்டாம். என் ஆராய்ச்சியில் மருந்து வருமென்றால் கொடி, வராதென்றால் கன்று. பெட்டியை மூடினேன். கருத்தரங்குகளில் இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் நீளமானது.

"ஈஸ்ட்ல ஒண்ணு வேலை செஞ்சா, அடுத்துப் புழு, எலி, அப்புறம்தான் மனுஷன். ஒவ்வொரு படியிலும் நிறைய விழுந்துடும். உங்களுக்கு வந்து சேரும்னு என்னால சொல்ல முடியாது அண்ணே. இப்ப சாப்பிடுற மாத்திரையை விட்டுடாதீங்க."

காற்றில் பந்தல் கம்பி முனகியது. தெரஸ் என்னைப் பார்க்கவில்லை.

"நோவு வந்த ஈஸ்ட்டு செத்துருதா?" என்று கேட்டார் அருளப்பன்.

"சிலது சாகும். மத்ததெல்லாம் வளரும், ரொம்ப மெதுவா. நோவில்லாத ஈஸ்ட், நாங்க வளர்க்கிற தட்டு முழுக்க நிரம்பும்போது இது புள்ளி புள்ளியா நிற்கும்."

"வளருதுல்ல." குழிகளின் பக்கம் திரும்பினார். "ஏ தெரசு, ரெண்டு வரிசைக்குக் கொடி வையி. மிச்சமெல்லாம் தென்ன."

"கவாத்து யாரு வெட்டுறது?"

"நீதான். நான் சொல்லித் தாரேன்."

"வெட்டத் தெரியும். நீங்க வாய மூடிக்கிட்டு நின்னாப் போதும்."

குழிக்குப் போடும் எருவைச் சலிக்க வேண்டியிருந்தது. சல்லடையை அவரே கேட்டு வாங்கினார். "இதுக்கு இந்தக் கை போதும், ஆட்ட வேண்டியதே இல்ல" என்றார். தெரஸ் எரு அள்ளும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திராட்சைக் குச்சியைப் பிடித்துக்கொள்ள, அவள் மண் தள்ளினாள். மாதா கோவில் மணி அடிப்பதற்குள் முதல் வரிசை முடிந்தது.

திரும்பும் வழியில் பெட்டி கனக்கவில்லை, ஆனால் மடியிலிருந்து இறக்கவும் மனம் வரவில்லை. ஆய்வகத்தில் நான் தட்டுகளை எண்ணும்போது, மெதுவாக வளர்ந்து புள்ளியாக நிற்பவற்றை இதுவரை தோல்வி என்றே குறித்து வந்திருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆடியில் போனால் தலைக்குத் துணி அவசியம். தோட்டத்துக்குள் நுழையுமுன் கேளுங்கள், மருந்தடித்த அன்று யாரும் விடமாட்டார்கள், அது நல்லதற்குத்தான். பழத்தைக் கழுவாமல் வாயில் போடாதீர்கள். அருளப்பன் தோட்டத்து வேலியோரக் கொடியில் பன்னீர் திராட்சை இப்போதே இனிக்கிறது. புது வரிசை இரண்டில் மட்டும் கேட்காதீர்கள். அது காய்க்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். முதல் குலைக்கு நான் சொல்லிவைத்திருக்கிறேன்.