கடிக்காத நாய்

பென்னாகரத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் அங்கன்வாடிக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று மேலத்தெருவின் சிமெண்ட் சாலை. காலனியிலிருந்து அதன் வழியாக ஐந்து நிமிடம். இன்னொன்று ஏரிக்கரை. அது இருபது நிமிடம், மழைக்காலத்தில் இன்னும் கூடும். காலனிக்காரர்கள் கரையில்தான் போவார்கள். மேலத்தெருவில் யாரும் யாரையும் தடுப்பதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மைதான். தடுக்கும்படி யாரும் போனதில்லை.

காவேரி ஒன்பது வருடமாக அந்த அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகள் அவளை ஆயா என்பார்கள். அவள் தேர்ந்த சமையல்காரி அல்ல. சாம்பார் ஒரு நாள் தண்ணீராக இருக்கும், ஒரு நாள் உப்புக் கரிக்கும். ஆனால் சாப்பிட மறுக்கும் பிள்ளையை அவள் மிரட்டியதில்லை. கணவன் சத்யராஜ் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவான். மகள் பிரியங்காவுக்கு நாலு வயது. அவளும் அங்கேதான் படிக்கிறாள்.

மகள் விஷயத்தில் காவேரிக்கு ஒரே ஓர் எண்ணம் இருந்தது. எப்படியும் ஒரு நாள் தெரியத்தான் போகிறது. பள்ளிக்கூடம் சேரும் வரையாவது தெரியாமல் இருக்கட்டும். தனக்கு அது தெரிந்த வயதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான், மூன்று வயதில் பிரியங்கா நடக்கமாட்டாமல் அழுது, கூடப் படிக்கும் அன்பு வருகிற வழியில் நாமும் போனால் என்ன என்று கேட்டபோது, காவேரி அந்தப் பொய்யைச் சொன்னாள். மேலத்தெருவில் அன்புவின் தாத்தா கிருஷ்ணப்பன் வீட்டில் ஒரு செவலை நாய் இருக்கிறது, கடித்துவிடும். பிரியங்கா அழுகையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. பொய் வேலை செய்துவிட்டது என்று காவேரி நிம்மதியாக இருந்தாள்.

குழந்தைக்குக் காரணம் வேண்டும். கொடுத்த காரணத்தை அது கொடுத்த இடத்திலேயே வைத்திருப்பதில்லை. அதை எடுத்துக்கொண்டு தூரம் போகும்.

இந்தத் தை மாதம் கிருஷ்ணப்பன் வீட்டில் மாடு கன்று போட்டது. அன்பு, கன்றுக்குட்டியைப் பார்க்க எல்லோரையும் கூப்பிட்டான். காவேரி உள்ளே முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பிரியங்கா வரமாட்டேன் என்பது கேட்டது. உங்கள் நாய் கடிக்கும் என்றாள்.

"எங்க நாயா? அது கடிக்காது. நான் வாலைப் புடிச்சு இழுப்பேன், சும்மா இருக்கும்."

"உன்னக் கடிக்காது. எங்காளுங்களத்தான் கடிக்கும்."

அன்பு கொஞ்சம் யோசித்தான். பிறகு அவனுக்கும் அது சரியாகப்பட்டது. "ஆமா. மோந்து பாத்தா அதுக்குத் தெரியும்," என்றான்.

அதன் பின் வரிசையாகத் தீர்ப்பு நடந்தது. தர்மனைக் கடிக்கும், அவன் வீடு காலனி. செங்கல் சூளைக்குப் புதிதாக வந்தவர்களின் மகள் தெரசாவைப் பற்றி மட்டும் குழப்பம். அவள் எந்தப் பக்கமாக வருகிறாள் என்று அன்பு கேட்டான். கரைப் பக்கமாக என்றார்கள். "அப்பக் கடிக்கும்," என்றாள் பிரியங்கா. யார் முகத்திலும் வருத்தமில்லை. தெரசா தலையாட்டி ஏற்றுக்கொண்டாள்.

காவேரியின் கையிலிருந்த முட்டை உடைந்திருந்தது. மனிதர்கள் வைத்த ஒன்றை அவள் மறைக்கப் பார்த்தாள். மகளோ அதை உடம்பில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மனிதர்கள் வைத்தது என்றால் என்றைக்காவது மாற்றலாம் என்று நினைக்கவாவது இடமுண்டு. வாசனைக்கு என்ன செய்வது?

மாலை கரையில் நடக்கும்போது அவள் சொல்லிவிட்டாள்.

"அந்த நாய் யாரையும் கடிக்காது கண்ணு. அம்மா பொய் சொல்லிட்டேன்."

"அப்ப ஏன் நாம அந்தப் பக்கம் போறதில்ல?"

 நாளைக்குப் போகலாம் என்றாள் காவேரி.

மறுநாள் காலை போனார்கள். சாலையில் வெயில் சாய்ந்திருந்தது. காவேரி மகளின் கையை இறுகப் பிடித்திருந்தாள். நாய் எழுந்து வந்தது. காவேரியின் புடவையை மோந்தது, பிரியங்காவின் முழங்காலை மோந்தது, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அன்புவின் தாய் அமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"என்ன காவேரி, இந்தப் பக்கம்? யாராச்சும் வரச்சொன்னாங்களா?"

"இல்லீங்க. நேரமாயிட்டுதுங்க."

"கரையில தண்ணி நிக்குதா?"

"ஆமாங்க," என்றாள் காவேரி. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிரியங்கா அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

அங்கன்வாடி வாசலுக்கு வந்ததும் காவேரி குனிந்து, கடித்ததா என்று கேட்டாள்.

"கடிக்கல. செருப்பக் கையில எடுத்துக்கிட்டோம்ல, அதான்."

காவேரி அப்போதுதான் பார்த்தாள். தன் செருப்பு தன் இடது கையில் இருந்தது. தெரு முனையில் எப்போது கழற்றினோம் என்று அவளுக்கு நினைவில்லை. மகளுடைய சிறிய செருப்பு மகளின் கையில். கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்துச் செய்திருக்கிறாள்.

அப்படி இல்லை என்று காவேரி சொல்லிப் பார்த்தாள். செருப்புப் போட்டிருந்தாலும் கடிக்காது என்றாள். பிரியங்கா பொறுமையாகக் கேட்டாள். அம்மா ஏற்கெனவே ஒரு முறை பொய் சொன்னவள். இது அவள் தன் கண்ணால் கண்டது.

மதியத்துக்குள் தர்மனுக்கும் தெரசாவுக்கும் கடிபடாமல் போகும் வழி தெரிந்துவிட்டது. சாப்பிட்டதும் கன்றுக்குட்டி பார்க்க நால்வரும் கிளம்பினார்கள். டீச்சர் கோகிலவாணி தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வருபவர். பிள்ளைகள் இப்படிச் சேர்ந்து போவதில் அவருக்குச் சந்தோஷம். கூடவே போய்ப் போனில் ஒரு படமும் எடுத்துவந்து காவேரியிடம் காட்டினார். முன்னால் அன்பு. பின்னால் மூன்று பேர், ஆளுக்கொரு ஜோடி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

"உம் பொண்ணு படத்துல எவ்வளவு அழகா விழுந்திருக்கா பாரு," என்றார்.

"ஆமாங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு, காவேரி தட்டு கழுவப் போனாள்.