பல்லில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று ஜெபித்தேன்

ஆண்டவரை நம்புகிற சகோதர சகோதரிகளே, இது பயந்துபோன ஒருத்தியின் சாட்சி. தைரியசாலியின் சாட்சி வேண்டுமென்றால் என் கணவரைக் கேளுங்கள்.

குலசேகரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் மழைக்காலத்தில் எனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கீமோவில் நோய் அடங்கியது. அது திரும்பாமல் இருக்க, ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்லை என் தம்பியிடமிருந்து எடுத்து எனக்கு ஏற்ற வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் நாள் குறித்தார்கள். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரத்தத்தில் நோய் இருக்கும்போது பல்லில் என்ன வேலை?

நர்ஸ் விளக்கினார். மாற்று சிகிச்சைக்கான மருந்து ஏறியதும் வெள்ளையணுக்கள் அடியோடு இறங்கிவிடும். அப்போது பல்லுக்கு அடியில் சீழ் இருந்தால், அதிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். அப்படி ஏதாவது இருந்தால் சரிசெய்து, புண் ஆறிய பிறகுதான் அட்மிஷன். அதாவது நாள் தள்ளிப்போகும். அதற்குள் நோய் திரும்பிவிட்டால்? என் சிரிப்பு போய்விட்டது.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அழுதேன். "பல்லுல ஒண்ணும் இருக்கப்பிடாதுன்னு ஜெபிங்க" என்று கேட்டேன். கூட்டத்தை நடத்துகிற எஸ்தர் அக்கா என் தலையில் கைவைத்து, "பயப்படாண்டாம் மக்கா" என்றார். எனக்கு வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்றுக்கு எப்போதோ கேப், அதாவது உறை, போட்டிருந்தது, அவ்வளவுதான். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றே நம்பினேன்.

எக்ஸ்ரேயில் அந்தக் கேப்புக்கு அடியில், வேரில் சீழ் இருந்தது.

"எனக்கு வலிக்கவே இல்லியே டாக்டர்."

"சில நேரம் வலிக்காதும்மா. அதனாலதான் படம் எடுத்துப் பாக்கோம். இதை எடுத்திரணும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, ஒரு பல்லுதானே. போனா போட்டு."

"பல்லுக்கா அழுகேன்? ஆண்டவரு நம்ம ஜெபத்தைக் கேக்கல்லியே."

அவர் எழுந்து போய், பல் எடுக்க நாள் கேட்டு வந்தார்.

ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் எனக்குக் குறைவு. அதை ஏற்றிய பிறகே பல்லைப் பிடுங்கித் தையல் போட்டார்கள். அப்படியும் ரத்தம் கசிந்தது. பஞ்சை மாற்றி மாற்றிக் கடிக்கச் சொன்னார்கள். வாயெல்லாம் ரத்த ருசி. இப்படியே ஒழுகிச் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். நான் எப்போதும் சத்தமாக ஜெபிக்கிறவள். அன்று வாயைத் திறக்க முடியவில்லை. பஞ்சைக் கடித்தபடி, "அப்பா, அப்பா" என்று உள்ளுக்குள் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை.

"நீ கடிச்சிட்டு இரி. நான் ஜெபிக்கேன்" என்றார் கணவர். பிடித்த என் கையை அவர் விடவே இல்லை. இருட்டுவதற்கு முன் ரத்தம் நின்றது.

புண் ஆறும்வரை தினமும் பயந்தேன். மறுபடி எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். நோய் திரும்பவில்லை. தம்பியின் செல்கள் எனக்குள் ஏறின.

அதற்கு முன் ஏற்றிய மருந்தால் வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியாது. நர்ஸ்கள் சொன்னபடி மருந்துத் தண்ணீரில் கொப்பளித்தேன், மெத்தென்ற பிரஷால் தொட்டுத் தொட்டுத் துலக்கினேன். வெள்ளையணு ஒன்றுமில்லாமல் கிடந்தபோது காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கிப் போட்டது. முடிந்தது என்று நினைத்தேன். மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியது. காலையில் டாக்டர் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பல் எடுத்த இடம் சுத்தமாக இருக்கிறது என்றார். அந்தப் பல்லோடு வந்திருந்தால் இந்தக் காய்ச்சலைத் தாண்டுவது கஷ்டம் என்றும் சொன்னார்.

அவர் போனபின் வெகுநேரம் அழுதேன். ஒன்றும் இருக்கக்கூடாது என்று கேட்டேன். ஆண்டவரோ மறைந்திருந்ததை எடுத்துக்காட்டினார். நான் கேட்காதது என்னைக் காப்பாற்றியது.

தம்பியின் செல்கள் என் உடம்பில் பிடித்துக்கொண்டன. மறுபடி தையல் மிஷினில் உட்காருகிறேன். என் ஜெபம் சுருங்கிவிட்டது. இன்னது செய்யும், இன்னது செய்யாதிரும் என்று ஆண்டவருக்கு வேலை சொல்வதில்லை. டாக்டர் சொல்கிற சோதனைக்கும் முணுமுணுப்பதில்லை.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு முறை சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போதும், நோய் திரும்பியிருக்குமோ என்று பயப்படுகிறேன். பயம் தீர்ந்தபிறகு ஜெபிக்கலாம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். வார்த்தை வராவிட்டாலும் ஆண்டவரிடம் வாருங்கள். நான் நடுங்கிக்கொண்டேதான் போனேன், அவர் என்னைத் தள்ளவில்லை.